பெரும்பொழுதும் சிறுபொழுதும்: எங்கள் ஊர்த் தோட்டக் கணக்கு

பத்தாம் வகுப்பு மாணவி, குயிலாப்பாளையம்

முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும் ஆகும் என்று பொருளிலக்கணத்தில் நாம் யாவரும் படித்திருக்கிறோம். பொழுது இரு வகைப்படும். ஓர் ஆண்டின் ஆறு கூறுகள் பெரும்பொழுது. ஒரு நாளின் ஆறு கூறுகள் சிறுபொழுது. தேர்வில் இவ்விடையை எழுதிவிட்டு நாம் அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறோம். ஆனால் வீட்டைச் சுற்றிச் சிறிது நிலம் வைத்து, அதில் விளைவதை உண்டு வாழும் குடும்பத்துக்கு இந்தப் பாகுபாடு ஏட்டோடு நின்றுவிடுவதில்லை. பெரும்பொழுதை அறியாதவர் எதை எப்போது விதைப்பது என்று அறியமாட்டார். சிறுபொழுதை மறந்தவர் விதைத்ததைக் காப்பாற்றமாட்டார்.

ஆண்டு முழுவதற்கும் தோட்டத்தைத் திட்டமிடுவது எவ்வாறு, அப்படித் திட்டமிட்ட பின்னரும் மனத்தை அலையவிடாமல் இன்றைய நாளில் நிறைவாக வாழ்வது எவ்வாறு என்னும் இரண்டையும் எங்கள் ஊரைக் கொண்டே விளக்க விரும்புகிறேன்.

எங்கள் ஊரும் அதன் மண்ணும்

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், புதுச்சேரிக்கு வடக்கே சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது குயிலாப்பாளையம். கடலிலிருந்து சற்றே உயர்ந்த செம்மண் மேட்டில் ஊர் அமைந்திருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கு நோக்கிச் சென்றால் மரக்காணத்தின் உப்பளங்களைக் காணலாம். மேட்டிலே முந்திரியும் சவுக்கும் மல்லாட்டையும். தாழ்விலே உப்பும் மீனும். இதுவே எங்கள் கரையின் செல்வம்.

இன்று எங்கள் ஊரைச் சுற்றி நிழல் தரும் காடு நிற்கிறது. வெளியூரிலிருந்து வருவோர் அது தொன்றுதொட்டு இருந்துவரும் காடு என்றே எண்ணுவர். உண்மையில் அறுபது ஆண்டுகளுக்கு முன் இங்கே பனையும் ஒன்றிரண்டு ஆலமரங்களும் தவிரப் பெரும்பகுதி வெறும் மேடாகவே கிடந்தது. பழைய காடு வெட்டப்பட்டு, ஆடுமாடுகள் மேய்ந்து, மூடியிருந்த புல்லும் அழிந்தது. ஐப்பசி மழை பெய்யும்போதெல்லாம் மேல்மண் கரைந்து கடலுக்கு ஓடியது. மண் ஓடிய வழியெல்லாம் ஆழ்ந்த பள்ளங்கள் விழுந்தன. மழை நீர் தங்காத நிலத்தில் கிணற்று நீர் எங்கிருந்து ஊறும்?

1968-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள், ஸ்ரீ அன்னை என்று அழைக்கப்பட்ட மிர்ரா அல்பாசா அவர்களின் திட்டப்படி இந்த மேட்டில் ஆரோவில் நகரம் தொடங்கப்பட்டது. 124 நாடுகளிலிருந்து இளைஞர்கள் தத்தம் நாட்டு மண்ணைக் கொண்டுவந்து தாமரை வடிவத் தாழியில் இட்டனர் என்பது வரலாறு. நகரம் கட்ட வந்தவர்களுக்கு முதலில் கிடைத்ததோ வெயிலும் புழுதியும்தான். கீற்றுக் குடிசையில் இருந்துகொண்டு அவர்கள் மரம் நடத் தொடங்கினர். குயிலாப்பாளையம் முதலிய சுற்றுவட்டாரக் கிராமத்து மக்களும் அவர்களோடு சேர்ந்து மண் வெட்டினர், குழி தோண்டினர், நீர் சுமந்தனர்.

இங்கே ஒரு வரிசை முறை இருந்ததை நாம் கவனிக்கவேண்டும். முதலில் நிலத்தைச் சுற்றி மண் கரை எழுப்பி, ஓடும் நீரை நிறுத்தினர். பின்பு வறட்சியைத் தாங்கி விரைவாக வளரும் ஆஸ்திரேலிய அக்கேசியா மரங்களை நட்டனர். அவற்றின் இலை விழுந்து மட்கி மண் சிறிது செழித்தபின், அந்த நிழலிலே இந்தக் கரைக்கே உரிய பாலை, வீரை, காசா, கருங்காலி போன்ற மரங்களை நட்டனர். இன்று ஆரோவில்லில் நடப்பட்ட மரங்கள் இருபது இலட்சத்துக்கும் மேல் என்று கணக்கிடுவர். முதல் ஆண்டிலேயே கருங்காலியை நட்டிருந்தால் அது கருகியிருக்கும். கரை போடாமல் எதை நட்டிருந்தாலும் அது மழையோடு போயிருக்கும். காலத்தை அறிந்து செய்த வேலைக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ!

இரண்டு பாத்திகள்

தமிழில் 'பாத்தி' என்னும் ஒரே சொல் தோட்டத்துக்கும் உப்பளத்துக்கும் வழங்குகிறது. கீரை விதைக்க நாம் கட்டுவதும் பாத்தி. உப்பு விளைய உப்பளத்தார் கட்டுவதும் பாத்தி. இரண்டுக்கும் வரப்பு உண்டு, மட்டம் பார்த்தல் உண்டு, நீர் பாய்ச்சுதல் உண்டு. ஆனால் காலம் மட்டும் நேர்மாறு.

கடல்நீர் ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அந்நீர் பாத்தி பாத்தியாகக் கடந்து வெயிலில் வற்றி, ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சுண்டும்போதுதான் சோற்றுப்பு படிகமாக விளையத் தொடங்குகிறது. ஆகவே உப்பளத்துக்கு வெயிலும் காற்றும் வேண்டும். மரக்காணத்தில் தை மாதத்துக்குப் பின் பாத்திகளைச் செப்பனிட்டு, கோடை முழுவதும் உப்பு வாருகின்றனர். புரட்டாசி முடிந்து ஐப்பசி மழை வந்ததும் வேலை நின்றுவிடுகிறது. உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அது வருவாய் இல்லாத காலம்.

தோட்டத்துக்கோ அந்த மழைதான் உயிர். ஒரே மழை ஒரு பாத்தியை மூடுகிறது, மற்றொரு பாத்தியைத் திறக்கிறது. எந்தப் பருவமும் எல்லாருக்கும் நல்லதோ கெட்டதோ ஆகிவிடுவதில்லை. வரும் பருவம் எது என்று அறிந்து, அதற்குரிய வேலையை முன்கூட்டியே முடித்து வைத்திருப்பவருக்கு அது துணையாக அமைகிறது.

ஆறு பருவமும் அவற்றின் வேலையும்

எங்கள் பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 1,200 முதல் 1,300 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் ஐப்பசி முதல் மார்கழி வரையிலான வடகிழக்குப் பருவமழையில் வந்துவிடும். இந்த ஒரு செய்தியை நடுவில் வைத்துக்கொண்டுதான் ஆண்டுத் திட்டம் முழுவதையும் போடவேண்டும்.

இலக்கணம் கார் காலத்திலிருந்து எண்ணத் தொடங்கும். தோட்டம் வைப்போர் அதற்கு ஒரு பருவம் முன்னதாகவே, முதுவேனிலில் தொடங்கவேண்டும்.

முதுவேனில் (ஆனி, ஆடி): மாலையில் இடியோடு சில மழைகள் பெய்யும். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது பழமொழி. அவரை, மொச்சை, பாகல், புடல், பீர்க்கு, சுரை, பூசணி ஆகியவற்றை இப்போது விதைக்கவேண்டும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் நாற்று விடவேண்டும். ஏன் ஆடி? நாட்டுக் கொடியவரையும் மொச்சையும் பகல் குறுகும் காலத்தில்தான் பூக்கும் இயல்புடையவை. எப்போது விதைத்தாலும் மார்கழிப் பனியை ஒட்டியே அவை காய்க்கும். ஆடியில் விதைத்தால் அதற்குள் கொடி நன்றாகப் படர்ந்து, பந்தல் நிறையப் பூக்கும். காலந்தாழ்த்தி விதைத்தால் கொடி சிறுத்திருக்கும்போதே பூக்கும் நாள் வந்துவிடும்.

கார் (ஆவணி, புரட்டாசி): நாற்றைப் பிடுங்கி நடுதல், பந்தல் போடுதல், செடிக்கு மண் அணைத்தல் ஆகியவை இக்காலத்து வேலைகள். பெருமழைக்கு முன் வரப்பையும் கரையையும் சரிபார்க்க வேண்டும். மரக்கன்றுகளுக்குக் குழி தோண்டி, குப்பையெருவை இட்டு வைக்கவேண்டும். பாத்திகளைத் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி மேட்டுப்பாத்தியாக மாற்றவேண்டும். புரட்டாசிக் கடைசியில் சர்க்கரைவள்ளிக் கொடியை நறுக்கி நடலாம்.

கூதிர் (ஐப்பசி, கார்த்திகை): இது பெருமழைக் காலம். புதிதாக விதைப்பதைவிட உள்ளதைக் காப்பதே முதல் வேலை. நீர் தேங்காமல் வடிகால் வெட்டவேண்டும். நத்தையையும் கம்பளிப் பூச்சியையும் பொறுக்கவேண்டும். மரக்கன்று நட இதுவே ஏற்ற காலம். ஏனெனில் கோடை வருவதற்குள் வேர் ஆழத்தில் இறங்கிவிடும். கூரை நீரையும் இப்போது சேர்க்கவேண்டும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். அப்படியானால் 50 சதுர மீட்டர் கூரையில் 1,200 மில்லிமீட்டர் மழைக்கு 60,000 லிட்டர் நீர் விழுகிறது. நாம் அதைத் தெருவில் ஓடவிட்டுவிட்டுச் சித்திரையில் குடத்தோடு நிற்கிறோம்!

முன்பனி (மார்கழி, தை): தோட்டத்துக்கு இதுவே திருவிழாக் காலம். மண்ணில் ஈரம் உண்டு, வெயிலில் கடுமை இல்லை. தக்காளி, முள்ளங்கி, கொத்தமல்லி, வெந்தயக்கீரை எல்லாம் நன்றாக வரும். அவரையும் மொச்சையும் காய்க்கும். கருணையையும் சர்க்கரைவள்ளியையும் தோண்டிப் பொங்கலுக்குச் சமைப்பர். எங்கள் ஊருக்கு வடக்கே உள்ள கழுவெளி நீர்நிலைக்கு வலசைப் பறவைகள் வருவதும் இக்காலமே. கழுவெளி 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது.

பின்பனி (மாசி, பங்குனி): முற்றிய காய்களிலிருந்து விதை எடுத்து, உலர்த்தி, சாம்பல் கலந்து பானையில் கட்டும் காலம். ஈரம் முற்றும் போவதற்குமுன் வெண்டை, கொத்தவரை, வெள்ளரி ஆகியவற்றை விதைக்கலாம். செடிகளின் அடியில் சருகையும் வைக்கோலையும் பரப்பி மூடாக்குப் போடவேண்டும். மூடாக்கு வெயிலிலிருந்து ஈரத்தைக் காக்கும். பின்பு மட்கி உரமாகும். முருங்கை காய்க்கத் தொடங்கும். முந்திரி பழுக்கும்.

இளவேனில் (சித்திரை, வைகாசி): வெயில் கடுமையான காலம். தோட்டத்தைச் சுருக்கிக்கொள்வதே அறிவுடைமை. பாத்திரம் கழுவிய நீர் செல்லும் இடத்தில் வாழையும் நான்கு கீரைப் பாத்தியும் போதும். மற்ற நிலம் ஓய்வு பெறட்டும். கோடை மழை ஒன்று பெய்ததும் கருணையை ஊன்றலாம். காலி நிலத்தில் சணப்பையும் தக்கைப்பூண்டும் விதைத்து, சுமார் 45 நாளில் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதால் ஆடி விதைப்புக்கு வேண்டிய உரம் மண்ணிலேயே கிடைத்துவிடும்.

திட்டம் எழுதும் முறை

ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகமே இதற்குப் போதும். முதல் பக்கத்தில் வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தைப் படமாக வரைந்து, ஒவ்வொரு பாத்திக்கும் எண் கொடுக்கவேண்டும். காலை வெயில் எங்கே விழுகிறது, மழை நீர் எங்கே தேங்குகிறது என்பதையும் குறிக்கவேண்டும். அடுத்த பக்கங்களில் மாதவாரியாக, விதைப்பது, நடுவது, பறிப்பது, விதை எடுப்பது என நான்கு கட்டங்கள் போடவேண்டும்.

எண்ணிக்கையைப் பின்னோக்கிப் போடுவது எளிய வழி. சிறுகீரை ஏறத்தாழ 25 நாளில் பறிப்புக்கு வரும். வாரந்தோறும் கீரை வேண்டுமென்றால், வாரம் ஒரு பாத்தியாக நான்கு பாத்திகளில் முறைவைத்து விதைத்தால் போதும். நான்கையும் ஒரே நாளில் விதைத்தால் ஒரு வாரம் கீரை மிஞ்சும். மூன்று வாரம் கடைக்குப் போகவேண்டியிருக்கும்.

ஒரே பாத்தியில் ஒரே பயிரைத் திரும்பத் திரும்ப வைப்பதும் கூடாது. இலை, காய், கிழங்கு, பயறு என்று மாற்றி மாற்றி வைக்கவேண்டும். பயறு வகைச் செடிகளின் வேர் முண்டுகளில் வாழும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடி ஏற்கும் உருவுக்கு மாற்றுகிறது என்று அறிவியலில் படிக்கிறோம். காராமணி வைத்த பாத்தியில் அடுத்துக் கீரை செழிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கோழியும் ஆடும் மாடும் வைத்திருப்போர் அவற்றையும் இதே திட்டத்தில் சேர்க்கவேண்டும். மாட்டுக்குத் தீவனம் எந்த மாதத்தில் குறையும், எரு எந்த மாதத்தில் மட்கித் தயாராகும் என்பவையும் குறிப்பில் இருக்கவேண்டும்.

ஆரோவில்லிலுள்ள சாலிட்யூட் பண்ணையை 1996 முதல் நடத்திவரும் கிருஷ்ணா மெக்கன்சி என்பவர், ஜப்பானிய உழவர் மசானபு புகோகா அவர்களின் இயற்கை வேளாண் முறையைப் பின்பற்றுபவர். இங்கிலாந்தில் பிறந்த அவர் நம் தமிழிலேயே பேசி, முருங்கையும் சுண்டைக்காயும் பப்பாளியும் நம் மண்ணின் உணவு என்று நமக்கே எடுத்துச் சொல்கிறார். அன்றைக்குப் பண்ணையில் எது விளைந்திருக்கிறதோ அதைக்கொண்டு சமைப்பது அவர்களது வழக்கம். இன்னது சமைக்கவேண்டும் என்று முடிவு செய்துவிட்டுக் கடைக்கு ஓடும் நமக்கு இது சிந்திக்கத் தக்கது. கூதிர் காலத்தில் தக்காளிக்கு ஏங்குவதை விட்டு, அன்று கிடைக்கும் பசலையைச் சுவையாகச் சமைப்பதும் ஒரு கலையே.

சிறுபொழுதில் வாழ்தல்

திட்டம் எழுதியாயிற்று. இனி அதை எண்ணிக்கொண்டே இருந்தால் ஒரு செடியும் வளராது. தோட்டம் நாளைய வேலையை இன்று செய்யவிடாது. இன்றைய வேலையை நாளைக்கும் வைத்திருக்காது.

பூசணிப் பூவைப் பாருங்கள். அது விடியும் முன்னரே விரிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருங்கிவிடும். ஆண்பூவின் மகரந்தம் பெண்பூவில் சேர்வதற்குக் கிடைப்பது அந்த ஒரு காலைப்பொழுதே. தேனீ வரவில்லையென்றால் நாமே ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தொட்டுவைக்கவேண்டும். பள்ளி விட்டு வந்து செய்யலாம் என்றால் பூ மூடியிருக்கும், பிஞ்சு உதிர்ந்துவிடும். பீர்க்கும் சுரையும் இதற்கு மாறாக மாலையில் மலர்வன. புடலின் நூல்நூலான வெண்பூ இரவில் விரியும். ஒவ்வொரு கொடிக்கும் தனக்கென ஒரு சிறுபொழுது உண்டு. கடலோரமாகிய நெய்தலுக்கு எற்பாடு என்று இலக்கணம் வகுத்ததைப் போலவே, தோட்டமும் தன் பொழுதுகளை வகுத்து வைத்திருக்கிறது.

ஆறு சிறுபொழுதுகளும் எங்கள் வீடுகளில் இவ்வாறு கழியும். வைகறையில் சாணம் வாரி, மாட்டில் பால் கறப்பர். காலையில் செடிக்கு நீர் ஊற்றி, காய் பறித்து, இலையின் அடிப்பக்கத்தில் பூச்சி முட்டை இருக்கிறதா என்று பார்ப்பர். நண்பகலில் வெயில் கொளுத்துவதால் வெளிவேலையை நிறுத்தி, விதை உலர்த்துதல், முறம் புடைத்தல் போன்றவற்றை நிழலில் அமர்ந்து செய்வர். எற்பாட்டில் வெயில் சாய்ந்தபின் நாற்று நடுவர். அப்போது நட்டால் செடிக்கு ஓர் இரவு முழுவதும் வேர் பிடித்துத் தேற நேரம் கிடைக்கும். மாலையில் கோழிகளைக் கூண்டில் அடைத்து, எண்ணிப் பார்ப்பர். யாமம் உறக்கத்துக்கு உரியது. நாம் உறங்கும்போது அந்துப்பூச்சிகள் புடல் பூக்களில் வேலை செய்யும்.

இப்படி வாழ்பவருக்குக் கவலை இல்லையா என்று கேட்கலாம். கவலை உண்டு. ஆனால் கவலை வேறு, திட்டம் வேறு. வைகாசியில் அமர்ந்து 'ஐப்பசியில் மழை பெய்யாமற் போனால் என்ன செய்வது' என்று இரவெல்லாம் விழித்திருப்பது கவலை. ஆவணியில் வரப்பைச் செப்பனிடவேண்டும் என்று நோட்டில் எழுதிவைத்துவிட்டு, இன்று சணப்பை விதைப்பது திட்டம். எழுதி வைத்தபின் மனம் அதைச் சுமக்கவேண்டியதில்லை. கையில் இருக்கும் வேலையில் முழு மனத்தையும் வைக்கலாம். பாட்டியை எங்கள் பக்கத்தில் ஆயா என்போம். எங்கள் ஆயாவிடம் 'இந்த ஆண்டு மழை எப்படி இருக்கும்?' என்று யாராவது கேட்டால், 'அத மழ வந்து சொல்லும். நீ இப்ப வாய்க்காலத் தூரு எடு' என்பார்.

திட்டம் உடையும் நாள்

எவ்வளவு கவனமாகத் திட்டமிட்டாலும் அது உடைந்துபோகும் நாளும் வரும். எங்கள் கரைக்கு அது புயலாக வருகிறது. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் விடியலில் கரை கடந்த 'தானே' புயல் புதுச்சேரியையும் கடலூரையும் சுற்றியுள்ள பகுதிகளைச் சிதைத்தது. ஆரோவில் காட்டிலும் எண்ணற்ற மரங்கள் சாய்ந்தன. விரைவாக வளர்ந்த அக்கேசியா மரங்களே பெரும்பாலும் விழுந்தன. அவற்றின் நிழலில் மெல்ல வளர்ந்த நாட்டு மரங்களுக்கோ அதன்பின் வெளிச்சமும் இடமும் கிடைத்தன. பல ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் ஒரு கார்காலத்தில் பொறுமையாக நட்ட கன்றுகளே காடு மீண்டெழக் கைகொடுத்தன.

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவு 'ஃபெஞ்சல்' புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. ஓர் ஆண்டு மழையில் மூன்றில் ஒரு பங்கு ஒரே நாளில் விழுந்தது என்றால் அதன் கொடுமையை எண்ணிப் பாருங்கள்! மரக்காணத்து உப்பளங்கள் நீரில் மூழ்கின. எங்கள் தெருவில் அவரைப் பந்தல்கள் சாய்ந்தன. கீரைப் பாத்திகள் இருந்த இடமே தெரியவில்லை. அந்த ஆண்டு பொங்கலுக்கு வீட்டு அவரைக்காய் இல்லை.

ஆனால் பரணில் ஆயாவின் விதைப்பானைகள் நனையாமல் இருந்தன. நீர் வடிந்ததும் ஒரு பாத்தியை மட்டும் உயர்த்திக் கட்டி, அதில் சிறுகீரையைத் தூவினார்கள். கிறிஸ்து பிறப்பு விழா முடிந்த சில நாட்களில் அந்தக் கீரையைப் பறித்தோம். இதில் பெரும்பொழுதின் வேலையும் இருக்கிறது, சிறுபொழுதின் வேலையும் இருக்கிறது. பானையில் விதை இருந்தது பின்பனியில் செய்த திட்டத்தால். புயலுக்குப் பின் பாத்தி கட்டியது அன்றைய நாளை வீணாக்காத மனத்தால். இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் கீரை கிடைத்திருக்காது.

நாம் செய்யவேண்டியது

எங்கள் கரையில் இன்று நிலம் மனையாகவும் விடுதியாகவும் மாறிவருகிறது. கடலுக்கு அருகில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்தால் கடல்நீர் உள்ளே புகுந்து கிணறு உவர்த்துவிடும் என்பதைப் புவியியல் கற்ற யாவரும் அறிவோம். ஒருமுறை உவர்ந்த கிணறு மீண்டும் நன்னீராவது எளிதன்று. உப்பு உப்பளத்தில் இருக்கவேண்டும், கிணற்றில் இருக்கக்கூடாது. ஆகவே வீட்டைச் சுற்றிச் சிறு தோட்டம் வைத்து மழைநீரை மண்ணில் இறக்குவது நம் குடும்பத்துக்கு மட்டுமன்றி, அடுத்த வீட்டுக் கிணற்றுக்கும் செய்யும் உதவியாகும்.

இடமில்லை என்று கூறவேண்டாம். ஒரு முருங்கை, ஒரு பப்பாளி, இரண்டு கீரைப் பாத்தி, ஓர் அவரைக்கொடி ஆகியவற்றுக்குக் கொல்லைப்புறமே போதும். மாடி வீட்டில் இருப்போர் பழைய மண்தொட்டியில் கொத்தமல்லியும் மிளகாயும் வளர்க்கலாம். பெற்றோர்களே, தோட்ட வேலையில் உங்கள் பெண்களையும் பையன்களையும் சமமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பாட்டிமார் இருக்கும்போதே அவர்களிடம் விதைக்கும் நாளையும் விதையைக் காக்கும் முறையையும் கேட்டு எழுதி வையுங்கள். எழுதாமல் விட்டால் அந்த அறிவும் ஐப்பசி மழையில் மேல்மண் போனதுபோலப் போய்விடும்.

தோழியரே, பத்தாம் வகுப்புக்கு வந்தது முதல் எல்லாரும் நம்மிடம் பங்குனியைப் பற்றியே பேசுகிறார்கள். தேர்வு வருகிறது, மதிப்பெண் வேண்டும், மேற்கொண்டு எந்தப் பிரிவு என்று கேட்கிறார்கள். அவர்கள் கேட்பதில் தவறில்லை. பெரும்பொழுதை எண்ணித்தான் ஆகவேண்டும். எந்தப் பாடத்தை எந்த மாதத்தில் முடிப்பது என்று நாமும் ஒரு நோட்டில் எழுதி வைப்போம். அதன்பின் இன்று நடக்கும் பாடத்தை இன்று கேட்போம், விளையாட்டு நேரத்தில் விளையாடுவோம், தோழி பேசும்போது அவள் முகத்தைப் பார்த்துக் கேட்போம். பதினைந்து வயதும் பூசணிப் பூவைப் போன்றதே. வெயில் ஏறியபின் மீண்டும் விரியாது.

இந்த மலர் உங்கள் கைக்கு எந்த மாதத்தில் கிடைத்தாலும், மேலே கூறிய ஆறு பருவங்களில் அது எதைச் சேர்ந்தது என்று பாருங்கள். அதற்குரிய விதை ஒன்றை எடுத்து, இன்று மாலையே ஊன்றுங்கள். அது முளைக்கும் நாளை நோட்டில் குறித்து வையுங்கள்.